ஒரே வீடு, வீட்டு வரிக் கடிதம் இரண்டு

வணக்கம் மக்களே! பின்னால் மழைச் சத்தம் கேட்டால் மன்னித்துவிடுங்கள். அயர்லாந்தின் மேற்கே உள்ள கானமாரா என்றால் அப்படித்தான். இன்றைக்கு ஊர் சுற்றல் கிடையாது, இந்த இரண்டு கடிதங்களின் கதை. கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். இரண்டிலும் பெயர் என்னுடையதுதான். ஆனால் முகவரி? இதில் 'கேராரோ'. இன்னொன்றில் 'அன் ஹியாஹ்ரூ ரூவா'. இரண்டும் ஒரே ஊர். முதலாவது ஆங்கிலம், இரண்டாவது ஐரிஷ்.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியது 2013 கோடையில். அயர்லாந்தில் வீட்டு வரி, அதாவது எல்.பி.டி., தொடங்கியதே அந்த வருடம்தான். மதிப்பை நாமே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அப்போது ஒன்றரை லட்சத்துக்கு மேல் இரண்டு லட்சம் யூரோ வரை மதிப்புள்ள வீட்டுக்கு முழு வருட வரி 315 யூரோ. எங்கள் வீடு அதில்தான் வந்தது.

நான் என்ன செய்தேன்? பத்திரத்தில் முகவரி ஐரிஷில் இருந்தது. 'சரி, புது வீடு, புதுப் பதிவு' என்று அதை அப்படியே எழுதிப் பதிவு செய்துவிட்டேன். விற்றவர் ஏற்கனவே ஆங்கில முகவரியில் பதிந்து வைத்திருந்தார். வீட்டை எனக்கு விற்ற விவரத்தையும் ஒழுங்காகத் தெரிவித்திருந்தார். அவருடைய பதிவின் சொத்து எண், அதாவது வரிக் கணக்கில் வீட்டை அடையாளம் காட்டும் எண், எங்கள் வழக்கறிஞர் (சொலிசிட்டர்) கொடுத்த கோப்பிலேயே இருந்தது. நான்தான் புரட்டிப் பார்க்கவில்லை. விளைவு, 2014-க்கு ஒரே வீட்டுக்கு 315, இன்னொரு 315.

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. தபால்காரர் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்தே கொடுத்தார்! அவருக்கு இரண்டும் ஒரே வாசல்தான். கணினிக்கு அது எப்படித் தெரியும்? ஒரு பெயர் 'சி'யில் தொடங்குகிறது, இன்னொன்று 'ஏ'யில். எங்கள் பக்கம் கிராமத்து வீடுகளுக்குக் கதவு எண்ணும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. டவுன்லேண்ட் என்கிற நிலப் பிரிவின் பெயர் மட்டும்தான். அப்போது அயர்லாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முகவரிகள் தனித்துவம் இல்லாதவை, பக்கத்து வீட்டுக்கும் அதே முகவரிதான்.

இந்த இரட்டைப் பெயர் எங்கிருந்து வந்தது? 1824-இல் பிரிட்டிஷ் அரசு தொடங்கிய நில அளவையில் ஐரிஷ் பெயர்களை ஆங்கிலக் காதுக்கு ஏற்ப எழுதி வைத்தார்கள். 'ஹியாஹ்ரூ ரூவா' என்றால் சிவந்த கால்பங்கு நிலம். 'கேராரோ' என்று எழுதினால் அதில் ஒரு அர்த்தமும் இல்லை, சத்தம் மட்டும்தான் மிச்சம். 2005-இலிருந்து ஐரிஷ் பேசும் கேல்டாக்ட் பகுதிகளில் ஐரிஷ் பெயர்தான் அதிகாரப்பூர்வம், சாலைப் பலகையிலும் அதுதான். கெர்ரி மாவட்டத்தில் உள்ள டிங்கிள் ஊர்க்காரர்கள் இதை ஏற்காமல் 2006-இல் வாக்கெடுப்பே நடத்தினார்கள். 1,005 பேர் இரண்டு மொழியிலும் பெயர் வேண்டும் என்றார்கள், எதிர்த்தவர்கள் 70 பேர்தான். என்னைக் கேட்டால், ஐரிஷ் பெயர் இருக்கட்டும். குழப்பம் மொழியால் வந்ததில்லை, முகவரியையே அடையாள எண் மாதிரி நம்பியதால் வந்தது.

அப்புறம் எப்படிச் சரியானது? வரி அலுவலகத்துக்கு இரண்டு சொத்து எண்களையும் எழுதி, எதை நீக்க வேண்டும் என்று சொல்லி, நிலப் பதிவேட்டின் வரைபட நகலை இணைத்தேன். அதில் நம் நிலத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு மொழி கிடையாது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு நான் உண்டாக்கியதை ரத்து செய்தார்கள். நீங்கள் இங்கே வீடு வாங்கினால் விற்றவரிடம் சொத்து எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புதிதாகப் பதிவு செய்யும் வேலையே வேண்டாம்.

2015 ஜூலையில் எயர்கோடு, அதாவது அயர்லாந்தின் அஞ்சல் குறியீடு வந்தது. எழுத்தும் எண்ணுமாக ஏழு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி. முகவரியை எந்த மொழியில் எழுதினாலும் கோடு அதேதான். எங்களுடையது எச்91-இல் தொடங்கும். மீதி நான்கையும் சொன்னால் நேராக என் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவீர்கள். கையில் இருக்கும் இந்த மின் கட்டண ரசீதில் நான் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருப்பது அதைத்தான்.