பயம் போன பிறகு வண்டி எடுக்கலாம்னு காத்திருக்கீங்களா?

[திரையில்: மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஸ்கூட்டர். தார்ப்பாய் மேல் தூசி. டயரில் காற்று இல்லை.]

"காலேஜ் படிக்கும்போது ஒருதடவை விழுந்தேன். அதுக்கப்புறம் வண்டியத் தொடவே இல்ல."

இதை யார் வாயிலயாவது கேட்டிருப்பீங்க. ஒருவேளை நீங்களே சொல்லியிருப்பீங்க. இப்போ வேலை கிடைச்ச இடத்துக்கு நேர் பஸ் இல்ல. இல்லன்னா வீட்டுல செய்யுற மசாலாப்பொடியை நாலு கடைக்குக் கொண்டுபோய்ப் போடணும்னு ஆசை. எல்லாத்துக்கும் குறுக்க அந்த ஸ்கூட்டர் நிக்குது. கேட்டா, "முதல்ல அந்தப் பயம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு பதில்.

இந்த வீடியோ அந்த ஒரு பதிலைப் பத்தி மட்டும்தான். ஏன்னா அந்தக் காத்திருப்புக்கு முடிவே கிடையாது. பழைய பயம் தானா அழியாது. மூளை அந்த மாதிரி வேலை செய்யறதில்ல.

[திரையில்: கருப்பு வெள்ளைப் படம். ஆய்வகத்தில் ஒரு நாய்.]

பாவ்லோவ் கதை பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்போம். சத்தம் கேட்கும், சாப்பாடு வரும். கொஞ்ச நாள்ல சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். (பாடப்புத்தகத்துல எப்பவும் மணிதான். அவர் மெட்ரனோம், பஸ்ஸர்னு நிறைய வெச்சுப் பார்த்தார்.) நம்ம பாடம் அதோட முடிஞ்சிடும். அவர் அதோட நிறுத்தல. சத்தத்தை மட்டும் கொடுத்து, சாப்பாட்டை நிறுத்தினார். எச்சில் குறைஞ்சுகிட்டே வந்து நின்னுபோச்சு. சரி, நாய் மறந்துடுச்சுன்னு நினைப்போம். கொஞ்ச நேரம் இடைவெளி விட்டு மறுபடியும் அதே சத்தம். எச்சில் திரும்பவும் ஊறுச்சு! பழைய பாடம் உள்ளயே இருந்திருக்கு.

பயத்துக்கும் இதே கதைதான். 1920-ல அமெரிக்காவுல ஜான் வாட்சன், ரோசலி ரேனர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கைக்குழந்தைக்குப் பயத்தைக் கத்துக்கொடுத்தாங்க. வெள்ளை எலியை அந்தக் குழந்தை தொடப் போகும்போதெல்லாம், பின்னாடி ஒரு இரும்புக் கம்பியில சுத்தியலால ஓங்கி அடிச்சாங்க. கொஞ்ச நாள்ல எலியைப் பார்த்தாலே அழுகை. அதோட போகல, முயல், நாய், ரோமக் கோட்டு வரைக்கும் பயம் பரவிடுச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நம்ம ஊர்ல சொல்றதை ஆய்வகத்துல காட்டுனாங்கன்னு வெச்சுக்கலாம். அந்தப் பயத்தை எடுத்துவிடாமலேயே குழந்தையை அனுப்பிட்டாங்க. இன்னைக்கு எந்த நாட்டுலயும் இதுக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

எனக்கு அதைவிட முக்கியமாப் படறது, நாலு வருஷம் கழிச்சு மேரி கவர் ஜோன்ஸ்ங்கிற உளவியலாளர் எழுதின பீட்டர்ங்கிற பையனோட கதை.

[திரையில்: உயரமான நாற்காலியில் சாப்பிடும் சிறுவன். அறையின் மறுகோடியில் கூண்டுக்குள் முயல்.]

பீட்டருக்கு மூணு வயசுகூட ஆகல. முயல்னா அலறுவான். ஜோன்ஸ் என்ன செஞ்சாங்கன்னா, முயலைக் கண்டு பயப்படாத வேற மூணு பிள்ளைங்களை அவன்கூட விளையாட விட்டாங்க. முயலையும் அந்த ரூமுக்குக் கொண்டுவந்தாங்க. முதல்ல கூண்டுக்குள்ள, தூரத்துல. அப்புறம் கொஞ்சம் கிட்ட. அப்புறம் கூண்டுக்கு வெளிய. பையன் நல்லா முன்னேறிக்கிட்டிருந்தான்.

அப்போதான் அவனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தான். குணமாகி வெளிய வர்ற அன்னைக்கு, டாக்ஸியில ஏறும்போது ஒரு பெரிய நாய் அவன் மேலயும் நர்ஸ் மேலயும் பாய்ஞ்சுது. ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தா, பயம் பழையபடி முதல் படியில நிக்குது. பயந்தது நாயைப் பார்த்து, ஆனா திரும்பி வந்தது முயல் பயமும் சேர்ந்து.

ஜோன்ஸ் "இவனுக்குச் சரிவராது"ன்னு விட்டுடல. இந்தத் தடவை பிடிச்ச சாப்பாட்டைக் கொடுத்து, அவன் சாப்பிடறது கெடாத தூரத்துல முயலை வெச்சு, ஒவ்வொரு அடியா நகர்த்தினாங்க. கடைசியில பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். பயத்துக்கான சிகிச்சையில இன்னைக்கு வரைக்கும் இருக்குற அடிப்படை இதுதான்: கொஞ்சம் கொஞ்சமா கிட்டப் போறது.

[திரையில்: மூளையின் குறுக்குவெட்டுப் படம். பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி சிவப்பாக ஒளிர்கிறது.]

இப்போ மூளைக்குள்ள. அமிக்டலான்னு பாதாம் வடிவத்துல ஒரு பகுதி, ரெண்டு பக்கமும் இருக்கு. ஆபத்தோட தொடர்புள்ள விஷயங்களைப் பதிஞ்சு வெச்சுக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு. நீங்க திரும்பத் திரும்ப வண்டி ஓட்டி, ஒண்ணும் ஆகலைன்னா, அந்தப் பதிவு அழியறதில்ல. பக்கத்துலயே "வண்டின்னா எப்பவும் விழறது இல்ல"ன்னு இன்னொரு பதிவு உண்டாகுது. நெத்திக்குப் பின்னாடி இருக்குற முன்மூளைப் பகுதி இந்தப் புதுப் பதிவை வெச்சு அமிக்டலாவை அடக்குது. பைபாஸ் போட்ட பிறகும் ஊருக்குள்ள பழைய ரோடு இருக்கத்தானே செய்யுது? அப்படி.

இதுல ஒரு சிக்கல். பயத்தோட பதிவு எல்லா இடத்துக்கும் செல்லும். தைரியத்தோட பதிவு, அதைக் கத்துக்கிட்ட இடத்தோட ஒட்டிக்கும். மார்க் பௌட்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர் எலிகளை வெச்சு இதை வருஷக்கணக்கா காட்டியிருக்கார்: ஒரு கூண்டுல பயம் அடங்கின எலியை வேற கூண்டுக்கு மாத்தினா, பயம் திரும்ப வந்துடும். அதனாலதான் கிரவுண்டுல அழகா எட்டு போட்டு, லைசென்ஸும் வாங்கினவங்க பஸ் ஸ்டாண்டு ரவுண்டானாவுல உறைஞ்சுபோறாங்க. திறமை எங்கயும் போகல. மூளை அந்தப் புதுப் பாடத்தை கிரவுண்டுக்கு மட்டும்தான் எழுதிவெச்சிருக்கு.

[திரையில்: ஹேண்டில்பாரைப் பிடித்த கைகள். விரல் கணுக்கள் வெளுத்திருக்கின்றன.]

அந்த ரவுண்டானாவுல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ரைட்ல திரும்பணும். பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறுது. ஆக்ஸிலேட்டரை கை விட்டுடுது, கால் ரெண்டும் தரையைத் தேடுது. வண்டி ஆடுது. பின்னாடி உக்காந்திருக்குற அண்ணன், "இறங்கு, நான் ஓட்டறேன்"ங்கிறார். இறங்கினதும் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிதான் வில்லன். ஹோபர்ட் மௌரர்னு ஒரு உளவியலாளர் 1947-லயே இதை விளக்கிட்டார். தப்பிச்சதும் கிடைக்குற நிம்மதி ஒரு பரிசு மாதிரி வேலை செய்யுது. அடுத்த தடவையும் தப்பிக்கச் சொல்லும். ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு மூளைக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும். சூடு கண்ட பூனைக்கு அடுப்பு அணைஞ்சு ஒரு வருஷம் ஆச்சுன்னு யார் சொல்றது?

சரி, என்ன செய்யலாம்? "தைரியமா இரு, பாசிட்டிவா நினை"ங்கிற ரீல்ஸ் மேல எனக்குப் பெரிய மரியாதை இல்ல. அமிக்டலாவுக்குப் பொன்மொழி புரியாது, அனுபவம்தான் புரியும். பயத்துக்கான சிகிச்சையை ஆராயுற உளவியலாளர் மிஷெல் கிராஸ்கேயும் அவங்க குழுவும் சொல்ற வழி எனக்குப் பிடிச்சது. போறதுக்கு முன்னாடி, என்ன நடக்கும்னு பயப்படறீங்களோ அதை ஒரு வரியில எழுதுங்க. "பெட்ரோல் பங்க் முன்னாடி கண்டிப்பா வண்டி சாயும்." போயிட்டு வந்து, நடந்ததைப் பக்கத்துல எழுதுங்க. எதிர்பார்த்ததுக்கும் நடந்ததுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் மூளைக்குப் பாடம். போகும்போது கை நடுங்குச்சா, பரவாயில்ல. நடுக்கம் குறையணும்னு அவசியமே இல்ல.

அடுத்தது, இடத்தை மாத்துங்க. கிரவுண்டுல பழகினதும் தெரு, தெருவுக்கப்புறம் மார்க்கெட் ரோடு. காலையில ஒருநாள், சாயங்காலம் ஒருநாள். தனியாவும், பின்னாடி ஆள் வெச்சும். முதல்ல எல்.எல்.ஆர். போட்டு, ஹெல்மெட்டும் மாட்டிக்குங்க. ஹெல்மெட் பயத்துல செய்யற காரியம் இல்ல, அது புத்தி. ஆனா "அண்ணன் பின்னாடி இருந்தாதான் ஓட்டுவேன்"ங்கிறது வேற. எதுவும் ஆகலைன்னா, அந்தப் பெருமையை மூளை அண்ணன் கணக்குல எழுதிடும். அண்ணனைக் கொஞ்சம் கொஞ்சமா கழட்டி விடணும்.

[திரையில்: செம்மண் சாலை. சேலையில் சைக்கிள் ஓட்டும் பெண்கள் வரிசையாக.]

ஜோன்ஸ் ஏன் மூணு பிள்ளைங்களைக் கூட விட்டாங்கன்னு புரிய, புதுக்கோட்டைக்கு வாங்க. 1990-களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கம் அங்க எழுத்தறிவோட சைக்கிளையும் சேர்த்துக் கத்துக்கொடுத்துச்சு. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அதுக்குப் பெரிய உந்துதல். விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரியில வேலை செஞ்சவங்க, கிராம நர்ஸுங்க, அங்கன்வாடி ஊழியர்கள்னு பல்லாயிரம் பேர் ஓட்டினாங்க. அவங்க பயம் விழுந்த பயம் மட்டும் இல்ல; ஊர் வாய்க்குப் பயந்ததும் சேர்ந்தது. ஒருத்தி தனியா ஓட்டினா கேலி. ஊரே ஓட்டினா யார் யாரைக் கேலி பண்றது? லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவங்க ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தாங்க. அந்தக் குறுக்குக் கம்பியில குழந்தையை உக்கார வெச்சுக்கலாம்னு சிலர் அதையே விரும்பவும் செஞ்சாங்க. உங்க தெருவுல வண்டி கத்துக்க நினைக்குற இன்னும் ரெண்டு பேர் கண்டிப்பா இருப்பாங்க. சேர்ந்து போங்க.

இன்னொண்ணு. மழைக்காலம், காய்ச்சல், ஊருக்குப் போனதுன்னு சில வாரம் விட்டுப்போச்சுன்னா, பயம் திரும்ப வரும். புது ரூட்லயும் வரும். பீட்டருக்கு வந்த மாதிரிதான். அப்போ ஆரம்பத்துக்கே போக வேண்டாம், ரெண்டு படி இறங்கி ஆரம்பிங்க. ரெண்டாவது தடவை பெரும்பாலும் சீக்கிரம் பிடிபடும்.

இதெல்லாம் சாதாரணப் பயத்துக்கு. விபத்து கண் முன்னாடி திரும்பத் திரும்ப வருது, கனவுல அலறி எழுந்திருக்கீங்க, ஒரு மாசத்துக்கு மேலயும் குறையலைன்னா, வீடியோ பார்த்து நீங்களா முயற்சி பண்ணாதீங்க. மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பாருங்க. இதே படிப்படியான முறையை அவங்க பாதுகாப்பா செய்வாங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலைன்னா, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

[திரையில்: 14416]