மாங்கேணியில் 'ர்' இல்லை

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, ஆலய வண்ணக்கர் அவர்களே, அதிபர்மாரே, பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து வந்திருக்கும் சகோதரர்களே, மாதர் சங்கத் தாய்மாரே, வணக்கம். வண்ணக்கர் ஐயா போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. பெயர் சொல்ல விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன கூட்டத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

'நா அசைய நாடு அசையும்' என்பார்கள். நம் மட்டக்களப்புப் பக்கத்திலோ நா அசைகிற அசைவில் ஊரே இடம் மாறிப்போகிறது. மூன்று விடயம் பேச வந்தேன்: நம் ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்து செய்தது, ஒல்லாந்தர் வரைபடங்கள் செய்தது, நாமே செய்துகொண்டது.

ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. அதனால் வாழைச்சேனையை வெளியூரார் வலைச்சேனை என்கிறார்கள். மீன்பிடிக்கிற இடம்தானே என்று பொருத்தமும் கண்டுவிடுகிறார்கள்! பாசிக்குடாவுக்கு வருகிறவர் பசிக்குடா என்கிறார். ஹோட்டல் விலையைக் கேட்டால் அதுவும் சரிதான். 1892 இல் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவைக் கரைத்தீவு என்று வாசித்த அறிவிப்பாளரை நானே கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை வாகரை பஸ்ஸில் போகிறேன். பக்கத்தில் கொழும்புத் தம்பி ஒருவர், புது உத்தியோகம், கையில் நியமனக் கடிதம். "மன்கேர்னி வந்தா சொல்லுங்க" என்றார். கொண்டக்டர், "அப்பிடி ஓர் இடம் இந்த ரூட்டில இல்ல" என்று சொல்லிவிட்டார். காயாங்கேணி வந்தது. பெயர்ப்பலகையின் ஆங்கிலத்தில் கடைசி எழுத்துகளைக் கண்டதும் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். முன்சீட்டு ஆச்சி, "இது காயாங்கேணி மனே, குந்து" என்றா. குந்தினார். அடுத்து கொண்டக்டர், "மாங்கேணி, மாங்கேணி!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார், தம்பி ஜன்னலால் கடலைத் தேடிக்கொண்டிருக்கிறார். மறுகா பனிச்சங்கேணி. அங்கேயும் அதே எழுத்துகள், மறுபடி எழும்பினார். அப்போதுதான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மாங்கேணியைத்தான் ஆங்கிலத்தில் 'Mankerni' என்று எழுதியிருக்கிறார்கள். ஆச்சிக்கு வந்ததே சிரிப்பு! "வந்த வழியே கிறுகிப் போ மனே" என்றா. ஏகாரத்தை நீட்டிக் காட்ட ஆங்கிலேயர் சொருகிய 'ஆர்' அது. வாயில் வர வேண்டிய எழுத்தே அல்ல. தம்பியில் பிழை இல்லை, ஆனால் நா அசைய நாடு அசையும். அவர் நா அசைந்ததில் முதல் நாள் வேலைக்கே பிந்திப் போனார்.

சரி, வெளியூராரை விடுங்கள். நம் பிள்ளைகளே ஏறாவூரை ஏராவூர் என்று எழுதுகிறார்களே, ஏன்? ஊர்ப் பெயரைத் தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் பார்க்கிறார்கள், தமிழ் அச்சில் பார்ப்பதில்லை. முன்பு நமது வாசிகசாலையில் பின்னேரம் பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிப்பார். றகரம் பிழைத்தால் வாங்கில் இருக்கும் கிழவர்கள் விடமாட்டார்கள். அந்தக் கட்டிடத்துக்கு யார் பூட்டுப் போட்டார்கள் என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன். கூரை ஒழுகுகிறது, அலுமாரியைக் கறையான் தின்கிறது, பத்திரிகைக்குப் பணம் இல்லை என்கிறார்கள். பெயர்ப்பலகைக்குச் செலவழிக்கிற பணத்தில் கொஞ்சம் அந்தக் கூரைக்குத் தரக்கூடாதா? பிரதேச செயலாளர் அவர்களே, நீங்கள் நா அசைத்தால் போதும், நாடு அசையும்!

ஒல்லாந்தர் வரைபடத்தையும் மற்றதையும் வாசிகசாலை திறக்கிற அன்று அதன் உள்ளேயே பேசுகிறேன். வாசிகசாலையைத் திறக்கக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். பேனை நாங்களே வைத்திருக்கிறோம்.