'போல' வந்தால் உவமையா?

பிள்ளைகளுக்கும், பிள்ளைகளை விட ஆர்வமாக முன்வரிசையில் வந்து இருக்கிற அம்மாமாருக்கும் வணக்கம். ஒரு வரியைக் கொடுத்து, அதில் சொல்லுக்கு அழகு தருகிற அணி என்ன என்று கேட்டால் நீங்கள் முதலில் 'போல' எங்கே கிடக்கிறது என்றுதான் தேடுவீர்கள், தெரியும். நானும் அப்படித் தேடியவன்தான். 'மழை வரும் போல இருக்கிறது' என்ற வரிக்கு உவமை என்று எழுதிப் புள்ளியைப் பறிகொடுத்தேன். அங்கே ஒப்பிட இரண்டு பொருளே இல்லை, வானம் கறுத்ததைப் பார்த்து ஒரு ஊகம், அவ்வளவுதான். மறுவளமாகப் 'பவளவாய்' என்பதில் 'போல' ஒளிந்துகொண்டிருக்கிறது, ஆனால் அது உவமைத்தொகை.

ஆகவே 'போல'வை விட்டுவிட்டு, எதில் ஒப்பு என்று கேளுங்கள். தொல்காப்பியர் நாலு சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போன்ற கை என்றால் பயன், இரண்டும் கொடுக்கின்றன. துடியிடை, அதாவது உடுக்கை போன்ற இடை, வடிவு, அதுதான் மெய். பவளவாய் நிறம், அது உரு. சொல்லைத் திருப்பிப் போட்டால் உருவகம்: மலர் போன்ற அடி என்கிற மலரடி உவமை, அடியே மலர் என்கிற அடிமலர் உருவகம். இது கைக்கணக்கு மாதிரி, இரண்டு நாள் பழகினால் வந்துவிடும்.

ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருகிற ஆகுபெயருக்கு நான் மினக்கெடத் தேவையில்லை. ஆடி அமாவாசைக்கு "மாமாங்கத்துக்குப் போறம்" என்று எங்கட மட்டக்களப்புக் கோயில் திருவிழாவைச் சொல்கிறீர்களே, இடத்தின் பெயரால் திருவிழாவையே சொல்லிவிட்டீர்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. சின்ன வயதில் ஒரு பௌர்ணமி இரவு, மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியில் போனோம். தோணிக்கார அண்ணன் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். வீணைத் தந்தியை யாரோ சும்மா தட்டிவிட்டது மாதிரி ஒரு ரீங்காரம். பாடுவது மீனா, ஊரி என்கிற சிப்பி வகை உயிரா என்று பெரியவர்கள் அப்போதே சண்டை. அது கிடக்கட்டும். ஒலியைக் கேட்டுவிட்டு 'மீன் பாடுது' என்றால், மனிசன் செய்கிற வேலையை மீனுக்குக் கொடுக்கிறோம், அது இலக்கணை. அண்ணனோ அதோடு நிற்கவில்லை. "நிலவு மேகத்துக்குள்ள போகப் பாக்குது தம்பி, போகாத எண்டு கூப்பிடுது" என்றார். இயல்பாக வருகிற ஒலிக்குத் தன் மனதிலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிவிட்டார் பாருங்கள், அது தற்குறிப்பேற்றம். அந்தப் பெயரைப் பத்து வருசம் கழித்து வகுப்பில் கேட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் துடுப்பின் ஈரம்தான்.