வீக்கம் எப்படி வற்றுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

விரலில் முள் குத்திய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். சற்று நேரத்தில் அந்த இடம் சிவக்கும், வீங்கும், தொட்டால் சுடும். சில நாட்களில் வற்றிவிடும். வீக்கம் ஏன் வந்தது என்று கேட்கிறோம். ஏன் வற்றியது என்று கேட்பதில்லை. பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி அதுதான்.

நம் நோயெதிர்ப்பு செல்கள் பெரும்பாலும் சிறிய புரதங்களை வெளியிட்டுத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சைட்டோகைன் என்று அவற்றுக்குப் பெயர். முள்ளோடு கிருமி நுழைந்ததும் அங்குள்ள செல்கள் "வா, வா" என்று அழைக்கின்றன. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரைத் தாண்டி வந்து சேர்கின்றன. காய்ச்சலும் இந்தப் பேச்சின் விளைவே. நம் செல்கள் அனுப்பும் செய்தி எட்டியதும் மூளைதான் உடலின் சூட்டை ஏற்றுகிறது. சரி, அழைத்தாயிற்று. "போதும்" என்று சொல்வது யார்?

இங்கே ஓர் எலிக்குட்டிக் கதை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள் அங்கேதான் முதிர்கின்றன. பிறந்து மூன்று நாளான எலிக்குட்டிகளிடமிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை அகற்றினார்கள். எதிர்ப்பு குன்றும் என்றுதானே நினைப்போம்? நடந்ததோ வேறு. மிஞ்சிய டி செல்கள் எலியின் சொந்த உறுப்புகளையே தாக்கின. கவனியுங்கள், சொந்த உறுப்புகளை! ஷிமோன் சகாகுச்சி என்ற இளம் ஆய்வாளர் இதைப் பிடித்துக்கொண்டார். அதே இனத்து நல்ல எலிகளின் டி செல்களை அந்தக் குட்டிகளுக்குச் செலுத்தினார். நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே "போதும்" என்று சொல்லும் ஒரு வகை இருந்தாக வேண்டும். அப்படியொன்று உண்டென்பதைப் பலர் நம்ப மறுத்த காலத்திலும் அவர் தேடினார். 1995-இல் அடையாளம் காட்டினார். 2001-இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டார்கள். அது பழுதானால் எலிகளுக்கும் சரி, குழந்தைகளுக்கும் சரி, உடல் தன்னையே தாக்கும் கடும் நோய் வருகிறது. இந்த "போதும்" செல்கள் உருவாக அந்த மரபணுதான் ஆதாரம் என்பது பின்னர் தெளிந்தது. மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தபோது நான் சொந்த வீட்டு விசேஷம்போல மகிழ்ந்தேன்.

முடக்குவாதத்தில் மூட்டு ஓயாமல் வீங்குவதற்கும் காரணம் இதுதான்: "வா" என்ற குரல் அடங்குவதில்லை. டிஎன்எஃப் என்ற சைட்டோகைனை மறிக்கும் மருந்துகள் அந்தக் குரலைத் தணிக்கின்றன.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். புற்றுநோயைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல புற்றுக்கட்டிகள் "போதும்" என்ற சமிக்ஞையைத் தாங்களே காட்டித் தப்பிக்கின்றன. டி செல்களுக்கு விழும் இத்தகைய "போதும்" தடைகளை நீக்கும் வழி கண்ட ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பெற்றார்கள். ஆனால் தடையை நீக்கினால், அந்த எலிக்குட்டிகளைப் போலவே, குடலும் தைராய்டும்கூடத் தாக்கப்படலாம். உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சை பெற்றுவந்தால், வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வணக்கம்.