தொலைபேசியில் ஆண்ட தலைவர்: பிராங்க் காஸ்டெல்லோ

அவையோருக்கு வணக்கம்.

1891இல் இத்தாலியின் கலாப்ரியாவில் பிறந்து, சிறுவனாக நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமுக்கு வந்து, பின்னாளில் மாஃபியா குற்றக் கும்பலின் தலைவரான பிராங்க் காஸ்டெல்லோ, 1915இல் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகச் சிறை சென்றார். அதன்பின் அவர் ஆயுதம் ஏந்தி நடமாடவில்லை என்பார்கள். மதுவிலக்குக் காலத்தில் மது கடத்தியதும், பிறகு சூதாட்ட எந்திரங்களால் பணம் குவித்ததும் அன்றைய கும்பல்காரர்கள் பலருக்கும் பொதுவான கதைதான். 1936இல் கும்பலின் தலைவர் லக்கி லூசியானோ சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வீட்டோ ஜெனோவேஸ் இத்தாலிக்குத் தப்பியோடியதும், கும்பலின் தலைமை இவர் கைக்கு வந்தது.

இவருடைய பலம் அடியாட்களிடம் இல்லை. டாமனி ஹால் எனப்பட்ட ஜனநாயகக் கட்சியின் நகர அமைப்பில் இருந்தது. 1943இல் தாமஸ் ஆரேலியோ என்ற நீதித்துறை நடுவர், மாநில உயர் நீதிமன்றப் பதவிக்கு வேட்பாளராக அறிவிக்கப்பட்டதும், காஸ்டெல்லோவைத் தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னார். அந்த உரையாடலை அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஒட்டுக்கேட்டு வெளியிட்டது. இவ்வளவு அம்பலமான பின்பும் ஆரேலியோ தேர்தலில் வென்று நீதிபதியாக அமர்ந்தார் என்பதை, தலைவர்களை மட்டும் குற்றம் சொல்லும் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறைவில் இருக்கும்வரைதான் அத்தகைய செல்வாக்குக்கு மதிப்பு. 1951 மார்ச்சில் குற்றக் கும்பல்களைப் பற்றி செனட்டர் கெஃபாவர் தலைமையிலான அமெரிக்க செனட் குழு நியூயார்க்கில் நடத்திய விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானபோது, தம் முகத்தைக் காட்டக் கூடாதென்று காஸ்டெல்லோ வலியுறுத்தியதால், படக்கருவிகள் அவருடைய கைகளையே காட்டின. விடை சொல்லத் திணறும்போதெல்லாம் நெளிந்த அந்த விரல்கள் முகத்தைவிட அதிகம் பேசின. நாட்டுக்கு என்ன நன்மை செய்தீர் என்று செனட்டர் டோபி கேட்டதற்கு, "வரி கட்டினேன்" என்றார். 1954இல் வரி ஏய்ப்புக்காகவே அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது!

1957 மே 2 அன்று, அவர் குடியிருந்த மஜெஸ்டிக் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில், ஜெனோவேஸின் ஆளான வின்சென்ட் ஜிகாண்டே சுட்ட குண்டு தலையை உரசிச் சென்றது. மருத்துவமனையில் அவருடைய சட்டைப்பையைச் சோதித்த போலீசார், லாஸ் வேகாஸின் டிராபிகானா சூதாட்ட விடுதியின் வருவாயோடு ஒத்துப்போன தொகை எழுதிய காகிதத்தைக் கண்டெடுத்தனர். சுட்டவனை அடையாளம் காட்ட அவர் மறுத்துவிட, ஜிகாண்டே விடுதலையானார். தலைமை ஜெனோவேஸிடம் சென்றது. பதவியை விட்டதால் உயிர் தப்பிய காஸ்டெல்லோ, 1973இல் மாரடைப்பால் இறந்தார்.