கேள்வி பதில்: பிரௌசரில் அட்வான்ஸ் வார்ஸ், ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்?

அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளம், அப்படியே வாசிக்கிறேன். "பள்ளியில் படிக்கும்போது கேம் பாய் அட்வான்ஸில் அட்வான்ஸ் வார்ஸ் முழுக்க முடித்தவன் நான். நீங்கள் சொன்னதைக் கேட்டு பிரௌசரில் ஆடிப் பார்த்தேன். ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. பெரிய டாங்க் வைத்திருந்தும் தோற்கிறேன். அதோடு ஒரே ஆட்டம் மூன்று வாரம் இழுக்கிறது. என்னதான் தவறு?"

சரி. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அட்வான்ஸ் வார்ஸ் என்பது கேம் பாய் அட்வான்ஸ் என்ற நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியில் வந்த போர் விளையாட்டு, கட்டம் போட்ட மேப்பில் மாறி மாறிப் படையை நகர்த்தி மோத வேண்டும். முதலில் நீங்கள் ஆடியது எது என்று தெளிவாக்கிவிடலாம், ஏனென்றால் கீழே கருத்துகளில் இரண்டு பேர் குழப்பிக்கொண்டார்கள். பழைய கார்ட்ரிட்ஜை நகலெடுத்து பிரௌசருக்குள் ஓட்டும் எமுலேட்டர் ஒன்று. நான் சொன்னது அது அல்ல. அட்வான்ஸ் வார்ஸ் பை வெப் என்று ரசிகர்களே நடத்தும் தளம். நிண்டெண்டோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2003இல் வந்த இரண்டாம் பாகத்தின் விதிகளை ஒட்டி, மனிதரும் மனிதரும் மோதும்படி செய்தது. நீங்கள் உங்கள் முறையை ஆடிவிட்டுப் போய்விடலாம், எதிராளி அவருக்கு நேரம் இருக்கும்போது ஆடுவார். தபாலில் செஸ் ஆடினார்களே, அதே முறை. மூன்று வாரம் ஆவது அதனால்தான். உடனுக்குடன் ஆடும் லைவ் ஆட்டங்களும் உண்டு, பொறுமை இல்லாதவர்கள் அங்கே போகலாம்.

இப்போது தோல்விக்கு வருகிறேன். அந்தக் கார்ட்ரிட்ஜ் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது என்பது என் கருத்து. கதைப் பகுதியில் பல நிலைகளில் நம் படை முன்கூட்டியே நின்றிருக்கும், வாங்கும் கணக்கே வேண்டாம். எதிரே இருக்கும் கம்ப்யூட்டருக்கோ ஒரு பைத்தியம் உண்டு: ஆள் ஏற்றிப் போகும் ஏபிசி வண்டியைக் கண்டால் விடாது. காலி வண்டி ஒன்றை முன்னே நிறுத்தினால் போதும், பக்கத்தில் நிற்கும் டாங்கை விட்டுவிட்டு அதை அடிக்க ஓடி வரும். அதுவும் சரிப்படாவிட்டால் நாம் என்ன செய்வோம்? சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவோம். நானும் அப்படித்தான் முடித்தேன், வெட்கமே இல்லாமல் சொல்கிறேன். மனிதர் எதிரே உட்கார்ந்தால் இது எதுவும் நடக்காது.

நீங்கள் மீடியம் டாங்கைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதன் விலை 16,000. சாதாரண காலாட்படை 1,000. ஒரு டாங்க் வாங்கும் காசுக்குப் பதினாறு ஆள். "ஆளால் டாங்கை அடிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். அடிக்க வேண்டாம், ஊரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு முறைக்கும் 1,000 தரும். முழு பலத்துடன் இருக்கும் ஆள் இரண்டு முறையில் ஒரு ஊரைப் பிடித்துவிடுவான். பிடித்த பிறகு வரும் முதல் வருமானத்திலேயே அவனுடைய விலை திரும்பி வந்துவிடும். இப்படி ஒரு முதலீடு வேறு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் முதல் சில முறைகளில் ஆட்களைத் தவிர வேறு எதையும் பெரிதாக வாங்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஊருக்கு 20 புள்ளி. பத்து உயிர் உள்ள, அதாவது முழு பலமுள்ள ஆள் ஒரு முறையில் பத்தைக் குறைப்பான், அடுத்த முறை மிச்சப் பத்து. இடையில் எதிராளி வந்து ஒரே ஒரு உயிரைத் தட்டிவிட்டால்? பத்தும் ஒன்பதும் பத்தொன்பது. ஒன்று மிச்சம். அந்த ஒன்றுக்காக இன்னொரு முறை அங்கேயே நிற்க வேண்டும். விட்டுவிட்டு நகர்ந்தால் மறுபடி 20இலிருந்து ஆரம்பம். ஆகவே எதிராளி ஊர் பிடிக்கத் தொடங்கினால், அவனைக் கொல்ல முடியாவிட்டாலும் கீறியாவது விடுங்கள். நான் இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் முதல் வெற்றியே வந்தது.

அப்புறம் நிலம். சாதாரண டாங்க் காலாட்படையை அடித்தால் அடிப்படைச் சேதம் நூற்றுக்கு 75. அதிர்ஷ்டத்தால் கூடுவதை விட்டுவிட்டுப் பார்த்தால், சாலையில் நிற்பவனுக்கு அது அப்படியே விழும். மலையில் நிற்கும் முழு பலமுள்ள ஆளுக்கு 45தான். மலைமேல் டாங்க் ஏறவும் முடியாது. அப்படி ஒரு ஆளை முன்னால் நிறுத்தி, அவனுக்குப் பின்னால் ஆர்ட்டிலரியை, அதாவது தூரத்திலிருந்து சுடும் பீரங்கியை வையுங்கள். விலை 6,000, இரண்டு மூன்று கட்டம் தள்ளி அடிக்கும், சாதாரண டாங்குக்கு அடிப்படைச் சேதமே 70. உங்கள் 16,000 டாங்க் எதிராளியின் ஆர்ட்டிலரி எல்லைக்குள் தனியாகப் போய் நின்றிருக்கும், இல்லையா? ஆனால் ஆர்ட்டிலரிக்கு நகர்ந்த முறையில் சுட முடியாது, பக்கத்தில் வந்துவிட்டாலும் சுட முடியாது. முன்னால் அந்த 1,000 ரூபாய் ஆள் நிற்க வேண்டியது அதனால்தான். ரூபாய் என்று நான் சொல்கிறேன், விளையாட்டில் ஜி என்றுதான் போட்டிருக்கும்.

தளபதி தேர்வு, அதாவது நம் படைக்குத் தனித் திறன் தரும் பாத்திரத்தை எடுப்பது பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாக: கிரிட், காலின் இருவரும் இந்த ஆட்டத்தில் மிகையான பலம், பல இடங்களில் தடை செய்திருப்பார்கள். கிரிட்டுக்குத் தூர ஆயுதங்கள் ஒரு கட்டம் கூடுதலாகப் பாயும், காலினுக்கு எல்லாமே இருபது சதவீதம் மலிவு. நீங்கள் ஆண்டியை எடுத்து ஆடுங்கள், அடிப்படை பழகட்டும்.

மூன்று வாரம் இழுப்பதைப் பற்றி. எனக்கு அது பிடித்திருக்கிறது. காலை காபி குடிக்கும்போது மேப்பைத் திறந்து, தளத்தில் இருக்கும் மூவ் பிளானரில் நகர்த்திப் பார்த்து, மதியம் மனம் மாறி, ராத்திரி ஆடுவேன். ஆனால் ஒன்று, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், தீர்ந்தால் தோல்வி. ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால், எதிராளியின் தலைமையகத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் என் ஆட்கள் நிற்கிறார்கள், ஆட்டம் முடிந்துவிட்டது. ஆகவே தொடங்கும் முன்பு காலக்கெடு எத்தனை நாள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஏழாவது ஆட்டம் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.