உலக வங்கிக் கடன்: பணம் உள்ளே வருதா, வெளியே போகுதா?

அடுத்த கேள்வி ராணிப்பேட்டையிலேருந்து. "சார், உலக வங்கி தமிழ்நாட்டுக்குக் கடன் ஒப்புதல்னு பேப்பர்ல வருது. அன்னைக்கே நாட்டோட கடன் ஏறிடுதா? வாங்கறதை விட கட்டறதுதான் ஜாஸ்தின்னும் சொல்றாங்களே, எது நெஜம்?"

ஒப்புதல் அன்னைக்கு ஒரு பைசா ஏறாது. வீட்டு லோன் மாதிரிதான். சாங்ஷன் லெட்டர் கையில இருக்கும். பேஸ்மென்ட், லின்டல், ரூஃப்னு முடிக்க முடிக்கத்தான் பணம் ரிலீஸ் ஆகும். இங்க பெரும்பாலும் மாநில அரசு முதல்ல தன் பட்ஜெட்லேருந்து கான்ட்ராக்டர் பில்லைக் கொடுத்துடும். அப்புறம் அந்தச் செலவுக் கணக்கு டெல்லிக்கு, நிதியமைச்சகத்துல வெளிநாட்டு உதவி, கடன் கணக்கைப் பார்க்கற சி.ஏ.ஏ.ஏ. ஆபீசுக்குப் போகும். அவங்க வழியா உலக வங்கிக்குப் போயி, டாலர் வந்தாத்தான் கடன் கணக்குல ஏறும். டெண்டர் வங்கி விதிப்படி விடலைன்னா அந்த பில்லை வங்கி ஏத்துக்காது, செலவு மாநிலத்தோட தலையில. நெலம் எடுக்கறது இழுத்துக்கிட்டே போச்சுன்னா இன்னொரு தொல்லை: பெரும்பாலான ஒப்பந்தங்கள்ல, எடுக்காம கெடக்கற தொகைக்கும் வருஷத்துக்கு 0.25% கமிட்மென்ட் சார்ஜ் உண்டு.

ரெண்டாவது கேள்விக்கு வருவோம். சும்மா ஒரு கணக்கு போடுங்க. இந்த வருஷம் உள்ளே வந்தது 100. பழைய கடன்ல அசல் கட்டினது 70, வட்டி 40. கடன் நிலுவை 30 ஏறிடுச்சு. ஆனா மொத்தமா 110 வெளியே போயிருக்கு, அதாவது கையிலேருந்து 10 போச்சு. "கடன் ஏறுது"ன்னு சொல்றவரும் சரி, "பணம் வெளியே போகுது"ன்னு சொல்றவரும் சரி. முதல் ஆள் அசலை மட்டும் கழிக்கறாரு, ரெண்டாவது ஆள் வட்டியையும் கழிக்கறாரு. டிவி விவாதத்துல பாதி சண்டை இதாலதான்.

சரி, 2023 வாக்குல இந்த வட்டி ஏன் ஏறுச்சு? உலக வங்கியோட வழக்கமான கடனுக்கு வட்டி, 'சோஃபர்'ங்கற அமெரிக்க வட்டி விகிதத்து மேல ஒரு மார்ஜின். 2021-ல கிட்டத்தட்ட பூஜ்யமா இருந்த சோஃபர், 2023-ல 5% தாண்டிடுச்சு. அந்த வருஷம் வளரும் நாடுகள் எல்லாம் சேர்ந்து வெளிக்கடனுக்கு அசலும் வட்டியுமா கட்டினது 1.4 லட்சம் கோடி டாலர்.

டாலர் விலை ஏறினா நஷ்டம் யாருக்குன்னு கேப்பீங்க. 2005-க்கு அப்புறம் போட்ட ஒப்பந்தங்கள்ல பொதுவா மாநிலத்துக்குத்தான். மத்திய அரசுதான் உலக வங்கிகிட்ட கடனை வாங்கி, அதே நிபந்தனையில அப்படியே மாநிலத்துக்குத் தள்ளிவிடும். அதுக்கு முன்னாடி மத்திய அரசு ரூபாயில, 70% கடன், 30% மானியம்னு பொதுவா கொடுத்தது. ரூபாய் சரிஞ்ச அடியை அவங்களே தாங்கினாங்க.

இன்னொண்ணு. 2025 மார்ச் கடைசியில இந்தியாவோட வெளிக்கடன் 73,630 கோடி டாலர். அது முழுக்க அரசு வாங்கினதுன்னு நெனைக்காதீங்க. கம்பெனிகள் வெளிநாட்டுல வாங்கின கடன்தான் அதுல பெரிய பங்கு. உங்க ஊர் தோல் தொழிற்சாலை ஒண்ணு வெளிநாட்டுக் கெமிக்கலை 90 நாள் கடனுக்கு இறக்கினா அதுவும் இதுலதான். வாணியம்பாடிக்காரர் துபாய்ல சம்பாதிச்சு இங்க பேங்க்ல என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) டெபாசிட் போட்டாலும், கணக்குப்படி அது நாட்டோட வெளிக்கடன்தான்.